வெள்ளைதான் ஏந்துவேன்

அண்ணன் நீட்டிய சந்தன நிற மெழுகுவர்த்தியைப் பிலோமினா டப்பாவோடு திருப்பிக் கொடுத்தாளே, அதோடு விட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே அடங்கியிருக்கும். அவள் விடவில்லை. "என் மெழுகுவர்த்தியை நானே ஊத்திக்கிறேன், வெள்ளையா" என்று வேறு சொல்லிவிட்டாள். அவள் வாய் சும்மா இருந்து யார் பார்த்திருக்கிறார்கள்?

அவர்கள் குடும்பத்தில் கல்யாணப் பெண்ணுக்கு மெழுகுவர்த்தி தாய்வீட்டுச் சீர். கோயில் வாசலில் கூடப்பிறந்த அண்ணன் அதை ஏற்றித் தங்கை கையில் கொடுப்பான். அவள் ஏந்திக்கொண்டு நடந்துபோய் மாதா பீடத்தில் வைப்பாள். முதல் கல்யாணத்துக்கு வெள்ளை. பிலோமினாவைப் போலப் புருஷனைப் பறிகொடுத்தவள் மறுபடி கட்டிக்கொண்டால் சந்தன நிறம். இது யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பங்குச் சாமியாரிடமே கேட்டாயிற்று. திருச்சபையில் அப்படி ஒன்றும் இல்லையே என்று அவர் சிரித்துவிட்டார்.

அண்ணன் ஜெயசீலனுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. சாமியார் இன்னும் இரண்டு வருஷத்தில் வேறு பங்குக்கு மாறிப் போய்விடுவார். புனேயின் இந்தக் கட்கியில் இருக்கப்போவது தான்தானே, நாலு தமிழ்க் குடும்பத்தின் வாயில் விழப்போவதும் தான்தானே என்பது அவன் கணக்கு.

அதனால்தான் கெடு வைத்தான். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பிலோமினா வீட்டில் ஜெபமாலை. அதற்குள் அவள் கையால் ஊற்றிய சுத்த வெள்ளை மெழுகுவர்த்தி மாதா படத்துக்கு முன்னால் எரிய வேண்டும். எரிந்தால் அவள் சொன்னபடி. இல்லையென்றால் சந்தன நிற மெழுகுவர்த்தி, அதே நிறத்தில் சேலை, மறுபேச்சு கூடாது. பிலோமினா யோசிக்கவே இல்லை, சரி என்றாள்.

அந்த முதல் நாள் இன்றைக்கு விடிந்துவிட்டது. மெழுகுவர்த்திதான் இன்னும் விடியவில்லை.

வருஷம் முழுக்க மெழுகுவர்த்தி ஊற்றி விற்கிறவளுக்கு ஒரு வெள்ளை வராதா என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். மகள் ஸ்நேஹாவின் அப்பா இறந்துபோன பிறகு இந்த இரண்டு அறை வீட்டின் அடுப்படிதான் அவளுக்குப் பட்டறை. தீபாவளிக்குச் சிவப்பு, கிறிஸ்துமஸுக்குப் பச்சை, மாதா கெபிக்கு எதிரே இருக்கும் கடைக்கு ரோஸ். கலர் போட்டால் மெழுகில் இருக்கும் எந்தக் குறையும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். வெள்ளை அப்படி இல்லை, ஒன்றையும் மூடி வைக்காது.

முதலில் பழைய துண்டு மெழுகையும் சேர்த்து உருக்கினாள். அது பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்தில் வந்தது. அடுத்தது புது மெழுகுதான், ஆனால் கல்யாணமாயிற்றே என்று வாசனைக்கு வெனிலா விட்டாள். ராத்திரி வெள்ளையாகத் தூங்கினது காலையில் மஞ்சளாக எழுந்தது. மூன்றாவதில் ரோஷம் வந்து வெள்ளைப் பொடியை அள்ளிப் போட்டாள். நிறம் வந்தது, பளிச்சென்று வந்தது. ஆனால் பொடி திரியை அடைத்துக்கொண்டு, ஏற்றின சுடர் குறுகிக் குறுகிப் பொட்டென்று அணைந்தது.

அது அணைந்த நேரம் பார்த்து எதிரே உட்கார்ந்திருந்தவள் ஜெயசீலனின் மனைவி அமலா. நல்லவள்தான், ஆனால் எதிலும் சகுனம் பார்க்கிறவள். "மெழுகே சொல்லுது பாரு, பிலோமி" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள். அந்த ஒரு வரி பிலோமினாவுக்கு மூன்று நாளாகக் காதிலேயே நிற்கிறது.

மாப்பிள்ளை அந்தோணி ரஞ்சன்காவ் ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து போன் பண்ணினார். டவுனில் நல்ல வெள்ளை மெழுகுவர்த்தி கிடைக்கிறது, நானே வாங்கி வந்துவிடட்டுமா என்று கேட்டார். பாவம், அவருக்கு இந்த வீட்டுச் சண்டையின் ஆழம் இன்னும் தெரியாது. நீங்கள் வாங்கித் தந்தால் அது உங்கள் மெழுகுவர்த்தி, என்னுடையது ஆகாது என்று சொல்லிப் போனை வைத்தாள்.

இன்றைக்கு மிச்சம் இருந்தது ரவிவார் பேட் கடைத்தெருவில் வாங்கிய மெழுகுக் கட்டியில் கடைசிப் பாளம். போனால் போனதுதான், மறுபடி வாங்கப் போக நேரம் கிடையாது. புது எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்தாள். அச்சுக்குழாயில் போன வார ரோஸ் ஒட்டியிருக்கக் கூடாது என்று வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டுக் கழுவித் துடைத்தாள். மெழுகை அடுப்பில் நேரடியாக வைக்கவில்லை. கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து நிதானமாக உருக்கினாள். சூடு ஏறினால் மெழுகு மஞ்சளாகப் பழுத்துவிடும். வாசனை கிடையாது, பொடி கிடையாது, செதில் செதிலான ஸ்டியரிக் மட்டும் ஒரு கரண்டி. அதுதான் மெழுகின் கண்ணாடித்தனத்தைப் போக்கிப் பால் வெள்ளை ஆக்கும். மெழுகு கரைந்து தண்ணீராகத் தெளிந்து நின்றது. பிலோமினாவுக்கு நம்பிக்கை வந்தது.

அந்த நேரத்தில்தான் அண்ணி படியேறி வந்தாள். ஒரு கையில் மல்லிகைச் சரம். இன்னொரு கையில் இஸ்திரி போட்ட சந்தன நிறச் சேலை. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்தாளாம்.

பிலோமினா வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் கீழே நாற்காலி கொண்டுவந்த டெம்போக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு இறங்கி ஓடினாள். டெம்போக்காரனோடு மராத்தியில் மல்லுக்கட்டி, உடைந்த நாற்காலிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு மேலே வந்தபோது அண்ணி அடுப்படியில் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்தாள். சேலையை அலமாரிமேல் வைத்துவிட்டுக் கிளம்பினாள். மகள் ஸ்நேஹா கட்டிலில் போனோடு உட்கார்ந்திருந்தாள்.

ஸ்நேஹா பதினோராவது படிக்கிறாள். கல்யாணப் பேச்சு வந்த நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு 'உம்', 'உஹும்' தவிர வேறு பாஷை இல்லை. பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்பதைப் பிலோமினா தானாகவே முடிவு செய்துகொண்டு, அதைப் பற்றிப் பேசவே பயந்துகொண்டிருந்தாள். அண்ணனோடு மல்லுக்கு நிற்க வாய் வருகிறது. பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை கேட்க வரவில்லை.

அண்ணி கொண்டுவந்த சேலையையே நினைத்துக்கொண்டு, பாத்திரத்தைக் குனிந்துகூடப் பார்க்காமல் மெழுகை அச்சில் ஊற்றினாள். ஜனவரிக் குளிர் சட்டென்று தாக்கினால் மேலெல்லாம் கோடு விழும் என்று பழைய டவலைச் சுற்றி வைத்தாள்.

மத்தியானம் அச்சைத் தட்டினாள். மெழுகுவர்த்தி வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது. அடேயப்பா, என்ன வெள்ளை. அவித்த முட்டையை உரித்த மாதிரி, ஒரு கறை இல்லாமல், ஒரு மஞ்சள் இல்லாமல். பிலோமினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு அதைத் தலைகீழாகத் திருப்பி உச்சியைப் பார்த்தாள்.

உச்சியில், திரியைச் சுற்றி, நீலம். பேனா மையை உதறின மாதிரி புள்ளி புள்ளியாக, நடுவில் ஒரு பெரிய திட்டு.

கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக ஓடியது. சந்தனச் சேலையோடு வந்தவள், அடுப்படியிலிருந்து வெளியே வந்தவள், மெழுகே சொல்லுது என்றவள். போனை எடுத்தாள்.

"என்ன கலந்தீங்க அண்ணி?"

"எதுல?"

"நடிக்காதீங்க. நான் கீழே போன நேரத்துல என் மெழுகுல என்ன கலந்தீங்க? பிடிக்கலைன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். இப்படியா பண்ணுவீங்க?"

அந்தப் பக்கம் அமலாவின் குரல் உடைந்து வந்தது. "பதினெட்டு வருஷமா உன் அண்ணியா இருக்கேன். இவ்வளவுதானா பிலோமி நீ என்னைப் பத்தி நெனச்சது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

பிலோமினா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

"மம்மி. அத்தை இல்ல. நான்தான்."

திரும்பினாள். ஸ்நேஹா முகம் வெளுத்து நின்றிருந்தாள். கையில் சொட்டு நீலம் பாட்டில். ஸ்கூல் யூனிஃபார்முக்குப் போடுகிற அதே பாட்டில்.

"நாலு டிராப்தான் போட்டேன். யூனிஃபார்ம் யெல்லோவா ஆனா நீ இதுதானே போடுவ? அப்புறம் வைட் ஆயிடும் இல்ல? அதான் இதுலயும்..." மேலே தமிழ் வராமல் மகள் கைகளை ஆட்டினாள்.

பிலோமினாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நீலம் தண்ணீரில் கரைகிற சரக்கு. மெழுகில் எங்கே கரையும்? சொட்டு சொட்டாக அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. அச்சில் அடிப்பக்கம்தான் மெழுகுவர்த்திக்கு உச்சி. யூனிஃபார்மை நீலம் போட்டு வெளுக்கிற வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு வேறு எந்த யோசனைதான் வரும்?

"எதுக்குடி போட்டே?" பாட்டிலைக் காட்டிக் கேட்டாள்.

"அத்தை சொன்னாங்க இல்ல, மெழுகே சொல்லுதுன்னு. எனக்கு கோபம் வந்துச்சு. மெழுகு என்ன சொல்லும்? மெழுகு ஒண்ணும் சொல்லாது. இந்த டைம் யெல்லோ ஆகக்கூடாதுன்னு போட்டேன்."

"உனக்கு இந்தக் கல்யாணமே பிடிக்கலைன்னு இருந்தேனே நான்."

"பிடிக்கலைன்னு நான் எப்ப சொன்னேன்? நீ கேக்கவே இல்ல." ஸ்நேஹா மூக்கை உறிஞ்சினாள். "அந்தோணி அங்கிள் ரொம்ப பேசறாரு. ஆனா ஓகே."

பிலோமினா மகளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் நீலப் பாட்டிலோடு சேர்ந்து கீழே விழுந்தது. பாட்டில் மூடி கழன்று தரையெல்லாம் நீலமானது. ஆகட்டும். தரையை நாளன்றைக்குத் துடைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மெழுகு? மிச்சம் ஒரு துண்டு கிடையாது. மணி இரண்டு தாண்டிவிட்டது. உச்சியை வெட்டப் போனால் மெழுகெல்லாம் விரிசல் விழும். அப்படியே ஏற்றினால் நீலத்தில் இருக்கும் ஈரத்துக்குத் திரி படபடவென்று வெடித்து, ஜெயசீலன் முகத்துக்கு நேராக அணையும்.

பிலோமினா மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். கலக்காமல் அடியில் போய் உட்கார்ந்ததுதானே இந்த வினையெல்லாம் செய்தது? உட்காரட்டுமே. அதை உட்கார வைத்துவிட்டு மேலே இருப்பதை எடுத்துக்கொண்டால் யார் கேட்பது?

மெழுகுவர்த்தியை உடைத்துத் திரியை உருவி எறிந்துவிட்டு மறுபடி உருக்கினாள். இந்தத் தடவை கிளறவே இல்லை. ஸ்நேஹாவையும் மூச்சுக்கூட விடாதே என்று தள்ளி நிறுத்தினாள். நீலம் முழுக்க அடியில் இறங்கி மணி மணியாகக் கிடந்தது. மேலே பளிங்குத் தண்ணீர். அதைப் பாலாடையை ஒதுக்கி ஊற்றுகிற பக்குவத்தில், துடைத்துப் புதுத் திரி கோத்த அச்சில் சாய்த்தாள். அடியில் ஒரு விரல் அளவு மெழுகை நீலத்தோடு பாத்திரத்திலேயே விட்டுவிட்டாள்.

ஆற ஆறத் திரியைச் சுற்றிக் குழி விழுந்தது. மெழுகு சுருங்கினால் அப்படித்தான் விழும், அதை நிரப்பியாக வேண்டும். மிச்சத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நிரப்பும்போது பாத்திரம் ஒரு முறை அதிகமாகச் சாய்ந்து ஒரே ஒரு நீலச் சொட்டு உள்ளே விழுந்துவிட்டது. அதற்குள் மெழுகு இறுகத் தொடங்கியிருந்ததால் அது இறங்கவில்லை. மெழுகுவர்த்தியின் அடிப்பக்கத்தில், கடுகளவு, அங்கேயே நின்றுவிட்டது. ஊசியால் தோண்டப் போனாள்.

"மம்மி, இருக்கட்டும்" என்றாள் ஸ்நேஹா.

பிலோமினா ஊசியைக் கீழே வைத்தாள்.

சாயங்காலம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்து ஊர் தாபோடியிலிருந்து வந்த உறவுக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து சாயாவும் பாக்கர்வடியுமாக ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஜெயசீலன் வந்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, அக்குளில் அந்த மெழுகுவர்த்தி டப்பா. அவனுக்குப் பின்னால் கண் வீங்கிய அமலா.

பிலோமினா யாரையும் பார்க்காமல் நேரே அண்ணியிடம் போனாள். எல்லாரும் கேட்கும்படியே சொன்னாள். "தப்பாப் பேசிட்டேன் அண்ணி. நீங்க ஒண்ணும் பண்ணல. என் புத்தி கெட்டுப்போச்சு." பிலோமினா பிடித்த கையை அமலா உதறவில்லை.

மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி நின்றது. நினைத்ததைவிட ஒரு விரல் குட்டை. ஜெயசீலன் அதை எடுத்தான். டியூப்லைட்டுக்குக் கீழே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மஞ்சளைப் பிடித்துவிட வேண்டும் என்று தன் சட்டைக் கையோடு ஒட்டி வைத்து ஒப்பிட்டான். ஐயோ பாவம், சட்டைதான் மங்கலாகத் தெரிந்தது. தாபோடிக்காரர் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு இருமுவதுபோல் நடித்தார்.

"அடியில இது என்ன கறை?"

"அது நான் போட்டது மாமா" என்றாள் ஸ்நேஹா. அதற்கு மேல் விளக்கவில்லை. அவன் மெழுகுவர்த்தியைப் பழைய இடத்திலேயே வைத்தான்.

பிலோமினா தீக்குச்சியைக் கிழித்தாள். சுடர் பற்றியது. பிறகு குறுகியது. அன்றைக்கும் இப்படித்தான் குறுகியது, அமலாவின் கை தானாக வாய்க்குப் போனது. திரியைச் சுற்றி மெழுகு உருகிக் குளம் கட்டியது. சுடர் ஒரு தடவை ஆடி, நிமிர்ந்து, நிலையாக நின்றது. ஜெபமாலையின் கடைசி மணிவரைக்கும் அது அசையவில்லை. பிலோமினா ஒவ்வொரு அருள்நிறை மரியேயையும் அண்ணன் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள்.

ஜெபம் முடிந்தது. ஜெயசீலன் எழுந்தான்.

"எரியுது. ஒத்துக்கறேன். சொன்னபடி நீ வெள்ளையே ஏந்திக்கோ. ஆனா என் கையால உனக்கு வெள்ளை ஒரு தடவைதான். நாளைக்கு வாசல்ல நான் நிக்கமாட்டேன். அண்ணன் ஏத்திக் கொடுக்காம எப்படி உள்ளே போறேன்னு பார்க்கறேன்."

பிலோமினாவுக்குக் காது சூடேறியது. அழுகைதான் வரும் என்று நினைத்தாள். வந்தது வேறு.

"அந்தோணிக்கும் இது ரெண்டாவது கல்யாணம்தான் அண்ணே. அவரும் பொண்டாட்டியைப் பறிகொடுத்தவர்தான். அவர் என்ன கலர் சட்டை போடணும்னு யாராவது ஒருத்தர் கேட்டீங்களா? அவர் கையில என்ன இருக்கணும்னு கேட்டீங்களா? எனக்கு மட்டும் ஏன் கலர் பார்க்கறீங்க? நான் என்ன மங்கிப்போயா இருக்கேன்?"

ஜெயசீலன் பழைய இடத்துக்கே திரும்பினான். "வாசல்ல கொடுக்க ஆள் வேணும். அதுக்கு வழி சொல்லு."

"நான் கொடுக்கறேன் மாமா" என்றாள் ஸ்நேஹா.

அவன் திரும்பிப் பார்த்தான். "அம்மா கல்யாணத்துக்குப் பொண்ணு மெழுகுவர்த்தி கொடுக்கறதா? எங்கேயாவது உண்டா?"

"இல்ல மாமா. நாளைக்கு உண்டு."

தமிழில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தடுமாறுகிற பெண். அந்த நாலு வார்த்தையில் ஒன்றுகூடத் தடுக்கவில்லை.

ஜெயசீலன் டப்பாவை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினான். "அமலா, கெளம்பு" என்றான்.

அமலா எழுந்தாள். காலையில் வைத்துவிட்டுப் போன சந்தனச் சேலையை அலமாரிமேலிருந்து எடுத்து, மடிப்புக் கலையாமல் அவன் கையில் இருந்த டப்பாவின் மேல் வைத்தாள். பிறகு திரும்பிப் போய்ப் பிலோமினாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"தலை பின்ன காலைல எத்தனை மணிக்கு எழுப்பட்டும், பிலோமி?" என்று கேட்டாள்.

ஜெயசீலன் படியிறங்கிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. கேட் திறக்கும் சத்தமும் கேட்டது. அடுத்தது அவன் பைக் கிளம்பும் சத்தம் வர வேண்டும். பிலோமினாவும் அமலாவும் ஸ்நேஹாவும் அதற்காகக் காத்திருந்தார்கள். தூரத்தில் லோக்கல் ரயில் ஒன்று கட்கி ஸ்டேஷனைத் தாண்டிப் போனது. வெள்ளை மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. கீழே அவன் கேட்டிலேயே நிற்கிறான் போலிருக்கிறது, பைக் இன்னும் கிளம்பவில்லை.